மகளின் கைக்கு எது: கல் காப்பா, கம்பி வளையலா, கண்ணாடியா, சங்கா?

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கழுத்துக்கும் காதுக்கும் என்ன போடுவது என்பது ஆவணியிலேயே முடிவாகிவிட்டது. கைக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. ஒதுக்கி வைத்தது ஆறு பவுன், அதாவது 48 கிராம். அகலமாக ஒரு ஜோடிக் காப்பு செய்வதா, மெல்லிசாக நாலு வளையல் செய்வதா? அப்பத்தாவின் பழைய கெம்புக் காப்பை அழித்து இதோடு சேர்த்துவிடலாமா? காரைக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கி, பத்தரிடம் உட்கார்ந்து பேசி, வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தை, மாசியில் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளுக்கு உதவும்.

வளையலுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. வங்காளத்தில் கல்யாணமான பெண்ணைக் கையை வைத்தே சொல்லிவிடுவார்கள்: வெள்ளைச் சங்கு வளை, சிவப்புப் பவள வளை, கூடவே ஓர் இரும்புக் காப்பு. பஞ்சாபில் தாய்மாமன் கொண்டுவந்து போடும் ‘சூடா’ சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும், இருபத்தொன்று போடுவது வழக்கம். முன்பு யானைத் தந்தத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கில். மராட்டியத்தில் மணப்பெண் கை நிறையப் பச்சைக் கண்ணாடி. அங்கெல்லாம் கல்யாணத்தின் அடையாளத்தைக் கையே சுமக்கிறது. நம் பக்கம் அதைத் தாலியும் மெட்டியும் சுமக்கின்றன. எங்கள் நகரத்தார் வீடுகளில் திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, கழுத்துரு ஏறினால் கல்யாணம் ஆயிற்று. கையில் கிடப்பது மங்கலம், அழகு, சொத்து. ஆனால் அது தாலி அல்ல. எந்த வளையல் என்று தேர்ந்தெடுக்க நமக்கு இவ்வளவு இடம் இருப்பது அதனால்தான். இதைச் சொன்னபிறகுதான் வீட்டில் பேச்சே கொஞ்சம் இளகியது.

அப்பத்தாவின் காப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஜோடி. மேல்புறம் இரண்டு வரிசை பர்மாக் கெம்பு, நடுநடுவே பூப்போல வெள்ளைக் கல். கல்லுக்கு அடியில் அரக்கு. விரலால் தட்டினால் தங்கத்தின் கணீர் வராது, மொத்தென்றுதான் கேட்கும். உள்புறம் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. பூட்டுகிற இடத்தில் ஒரு திருகாணி. அதைத் திருக இன்னொரு ஆள் வேண்டும். அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்க, சின்னப் பிள்ளையாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருகியது இன்றைக்கும் விரலில் இருக்கிறது. ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் தொழில் பார்த்தபோது வந்த காப்பு அது. 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் நுழைந்தபோது ஐயா வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார். அதன்பிறகு பெட்டகத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போனது. அப்பத்தாவின் ஐந்து ஜோடியில் இந்த ஒரு ஜோடி மட்டும் இரண்டு முறை அடகுக்குப் போய் இரண்டு முறையும் மீண்டு வந்தது.

இதை அழிப்பது பற்றிக் கேட்டதற்குப் பத்தர் தராசில் வைத்துக் காட்டினார். மொத்தம் 52 கிராம். கல்லும் அரக்கும் போனால் 36 தேறும் என்றார். அதிலும் முழு 22 கேரட் வராது. அந்தக் காலத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடங்களில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், உருக்கினால் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறையும். “கல்லுக்கு ஒரு காசு தர மாட்டாக ஆச்சி. அழிச்சா தங்கம் மட்டுந்தான் மிஞ்சும், காப்பு மிஞ்சாது” என்றார். பழைய கல் நகையை அழிக்க நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். 52 கிராம் இருக்கிறது என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போனால் கடையில் ஏமாற்றம்தான். அழிக்காமல் போட்டுக்கொள்வதென்றால் அதற்கும் பக்குவம் உண்டு. அரக்கு வைத்த நகை வெந்நீருக்கு ஆகாது, இளகிக் கல் ஆடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கையில் இருக்கக் கூடாது. இது நாள்பாட்டுக்கு ஆன வளையல் இல்லை. வருஷத்தில் நாலு நாள் வெளியே வந்து, துடைத்து, துணியில் சுற்றித் திரும்பப் போக வேண்டியது.

அடுத்தது புதிதாக அகலக் காப்பு. கைக்கு மூன்று பவுன் வைத்து ஒரு ஜோடி. மேடையில் எடுப்பாக இருக்கும், போட்டோவில் விழும், வந்தவர்கள் கையைப் பிடித்துப் பார்த்து நல்லா இருக்கிறது என்பார்கள். அண்ணன் மனைவியான எங்கள் அண்ணமிண்டி கடைசி வரை இதற்குத்தான் நின்றார். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன், மறைக்கவில்லை. என் மனதை மாற்றியது சேதாரக் கணக்கு. நகாசு வேலை, சாமி உருவம், கல் பதிப்பு என்று வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும். எனக்குச் சொன்ன கணக்கு, சாதாரண வளையலுக்கு நூற்றுக்கு எட்டு, நகாசுக் காப்புக்குப் பதினெட்டு. 48 கிராமுக்கு எட்டு சதவீதம் என்றால் 3.84 கிராம். பதினெட்டு என்றால் 8.64 கிராம். நடுவில் நிற்கும் வித்தியாசம் 4.8 கிராம், அரைப் பவுனுக்கு மேல். அந்தத் தங்கத்துக்குக் காசு கொடுக்கிறோம், ஆனால் கையில் வராது. மறுநாள் விற்கப் போனாலும் திரும்ப வராது. ஒரு கடையில் கல்லின் எடையையும் தங்கத்தோடு சேர்த்தே எழுதியிருந்தார்கள். தனியாகக் காட்டுங்கள் என்று கேட்டபிறகுதான் கழித்தார்கள். கல் வைத்த எதை வாங்கினாலும் மொத்த எடை வேறாகவும் தங்க எடை வேறாகவும் பில்லில் வரவேண்டும். வாயால் சொன்னால் போதாது.

இன்னொன்றும் யோசித்தேன். கழுத்துரு என்ற பெரிய நகை ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணத்தன்று போடுவோம், அறுபதாம் கல்யாணத்தில் போடுவோம். நடுவில் அது லாக்கரில்தான். அதற்குப் பக்கத்தில் படுத்திருக்க இன்னும் ஆறு பவுனா?

மெல்லிய வளையலுக்கு வருகிறேன். இங்கேதான் கடைகளில் நம்மை அதிகம் குழப்புகிறார்கள். ஒரு பவுனில் அகலமாக, கனமாகத் தெரிகிற வளையலை எடுத்து நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்து ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். 22 கேரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 17.7 கிராம் இருக்கும். 2.6 அளவு வளையலைச் சுற்றி வர சுமார் 19.5 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். அப்படியென்றால் 8 கிராமில் கெட்டிக் கம்பியாக வளைத்தால் அதன் தடிப்பு ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்குள்தான் வரும். சாக்குத் தைக்கிற கோணி ஊசி மாதிரி. ஒரு பவுனில் அதைவிடத் தடிமனாக ஒரு வளையல் தெரிந்தால், ஒன்று உள்ளே கூடு, இல்லையென்றால் தகடு. கூடு என்றால் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதவில் இடித்தால் நசுங்கும், நசுங்கியதை நிமிர்த்தினால் அந்த இடம் தேயும், ஒட்டுப் போட்டால் அடுத்த முறை மாற்றும்போது விலை இறங்கும். தினமும் கிடக்க வேண்டிய வளையல் கெட்டியாக இருப்பதுதான் நல்லது. ஒன்றரைப் பவுன், 12 கிராம் என்றால் கெட்டிக் கம்பி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். தேங்காய் துருவலாம், பிள்ளையைத் தூக்கலாம், எளிதில் வளையாது.

அளவு எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2.4, 2.6, 2.8, 2.10 என்பது தசமக் கணக்கு இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பாகம் என்பது. 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம், 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60. 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5. ஆகவே 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது. இது தெரியாமல் ஆன்லைனில் 2.10 வாங்கி, முழங்கை வரை ஏறுகிற வளையலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் 2.4 நுழைகிற கைக்கு அகலத் தங்கக் காப்பு 2.6 வேண்டும், ஏனென்றால் அகலம் கூடும்போது விரல் முட்டியைத் தாண்ட இடம் கூடுதலாகத் தேவை. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கை வீங்கும் என்பதையும் சேர்த்தே அளவு எடுக்க வேண்டும்.

எந்தத் தங்கம் வாங்கினாலும் உள்புறத்தில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோண முத்திரை, 22 கேரட் என்பதைக் காட்டும் 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி என்கிற அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த எண் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைப் போட்டால் நகையின் வகையும் மாற்றும் வரும். கடையிலேயே நின்று பாருங்கள்.

கண்ணாடி வளையலுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தில் உருக்கி, சுருளாக இழுத்து, அறுத்து, தீயில் ஒட்டவைத்து, டஜன் டஜனாக நம் ஊர் வரை வருகிறது. அடகுக்கு ஆகாது, மறுவிலை கிடையாது, ஒரு பாத்திரத்தில் தட்டினால் போயிற்று. இருந்தும் எங்கள் பக்கத்தில் நல்ல காரியங்களில் தங்கத்துக்கு முந்திக்கொள்வது இதுதான். ஆடிப்பூரத்தில் அம்மனுக்குச் சார்த்துவது கண்ணாடி. வளைகாப்பில் வேப்பிலைக் காப்புக்குப் பிறகு கை நிறைய ஏறுவது கண்ணாடி. ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கும். தாயின் கையசைவு ஒவ்வொன்றும் சலசலவென்று அதற்குப் போய்ச் சேரும் என்பார்கள். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதரே வளையல் செட்டியாராக வந்து வணிகர் வீட்டுப் பெண்களின் கையைப் பிடித்து வளையல் போடுகிறார். அவர் கொண்டுவந்தது என்ன வளையலோ, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருவிழா வளையல் என்றால் கண்ணாடிதான்.

கொப்புடைய அம்மன் திருவிழாக் கடையில் வளையல் போடுகிற அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நாலு விரலையும் ஒன்றாகக் குவித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முட்டியின் மேல் தன் பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். வலிக்கிறதே என்று வாய் திறப்பதற்குள் வளையல் மணிக்கட்டில் இருக்கும். நாலு வளையலை ஒன்றாகச் சேர்த்து ஏற்றுவார், ஒன்று உடையாது. நாம் வீட்டில் சோப்பு போட்டுப் பார்த்தாலும் அந்தக் கை வராது.

கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அம்மான் இறந்தபோது என் அயித்தைக்கு ஐம்பது வயது இருக்கும். நாலைந்து பொம்பளைகள் சேர்ந்து அயித்தை கையைப் பிடித்துக் கண்ணாடி வளையலைத் தட்டி உடைத்தார்கள். ஒரு சில்லு மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. அந்தக் கீறலைவிட, அதற்குப்பின் எந்த வளைகாப்புக்கும் முன்னால் வராமல் இரண்டாங்கட்டிலேயே அயித்தை நின்றுவிடுவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு பொருளுக்கு மங்கலம் என்று நாமே பேர் வைத்துவிட்டு, அதை ஒருத்தியின் கையிலிருந்து உடைத்து எடுப்பது தவறு. என் மகள் கல்யாணத்தில் முதல் கண்ணாடி வளையலை அயித்தைதான் போடுகிறார். இதை வீட்டில் சொல்லியாயிற்று. முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும்.

சங்கு வளையை யாரும் கடைசியில்கூட நினைப்பதில்லை. ஆனால் நம் மண்ணில் இதுதான் மூத்தது. ‘வளை’ என்ற சொல்லுக்கே சங்கு என்றும் பொருள். சங்கப் பாட்டில் தலைவன் பிரிவால் இளைத்த பெண்ணின் கையிலிருந்து வளை நெகிழ்ந்து விழும். பாண்டியர் துறைமுகமான கொற்கையில் சங்கை அறுத்து வளையல் செய்த தடயம் அகழாய்வில் வந்திருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதைக் காட்டுகிற அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு மாதிரியே முற்றமும் தூணுமாகக் கட்டி 2023-இல் திறந்தார்கள். மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் மூழ்கி எடுத்த சங்குதான் காலங்காலமாக வங்காளத்துக்குக் கப்பலேறி அங்கே சுமங்கலியின் கையில் ஏறியது. இங்கே நமக்கு வழக்கொழிந்துவிட்டது.

ஆசைப்பட்டு ஒரு ஜோடி வாங்கிப் பார்த்தேன். கையில் குளிர்ச்சியாக, பால் போல இருக்கிறது. ஆனால் சங்கு என்பது சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை பட்டால் பளபளப்புப் போய்விடும். புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் கொதிக்கிற எங்கள் அடுப்படிக்கு இது தாங்காது. கீழே விழுந்தால் விரிசலும் விடும். நல்ல நாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், தங்கத்துக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

கவரிங் வளையல் ரயில் பயணத்துக்கும் கூட்டத்துக்கும் நல்லது, தோல் அரிப்பு வராதவர்களுக்கு. வைர வளையல் பற்றி எழுத எனக்கு அனுபவம் போதாது.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு மகளிடம் கேட்டேன். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவள் மதுரையில் பல் மருத்துவர். நோயாளியைத் தொடும் நேரத்தில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கையுறை கிழியும், வளையலுக்கு அடியில் சோப்பும் கிருமியும் தங்கும். காலையில் கழற்றி, மாலையில் போட வேண்டும். “ஆத்தா, எத்தனை பவுன்னு எனக்கு வேணாம். யாரையும் கூப்பிடாம நானே போடணும், நானே கழட்டணும். அது போதும்” என்றாள்.

அப்பத்தாவின் திருகாணி ஞாபகம் வந்தது. அந்தக் காப்பைத் தானாகக் கழற்ற அப்பத்தாவுக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. அடகுக்குப் போன இரண்டு முறையும் வேறு யாரோதான் திருகிக் கழற்றியிருப்பார்கள். சீதனமாக வந்தது முழுக்கப் பெண்ணுக்கே சொந்தம், புருஷன் வீட்டார் கையில் இருந்தாலும் அது அவர்களிடம் ஒப்படைத்ததே தவிர அவர்களுடையதாகிவிடாது என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வழக்கத்தில் இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பத்திரம் எழுதி வாசிக்கிறோம். ஆனால் ஏட்டில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது ஒன்று. லாக்கரில் அடுத்தவர் சாவியோடு இருக்கும் மூன்று பவுன் காப்பைவிட, அவள் மணிக்கட்டில் ஏறி இறங்குகிற ஒன்றரைப் பவுன் வளையல் அவளுக்கு அதிகம் சொந்தம் என்று எனக்குப் பட்டது.

ஆறு பவுனில் நாலு கெட்டிக் கம்பி வளையல், ஒவ்வொன்றும் ஒன்றரைப் பவுன். கல் கிடையாது, பூட்டுக் கிடையாது, வழவழவென்று நுழைகிற மாதிரி. அப்பத்தாவின் காப்பை அழிக்கவில்லை. திருப்பூட்டும்போது அது அவள் கையில் இருக்கும், மறுநாள் பெட்டிக்குப் போகும். கண்ணாடி இரண்டு டஜன், பச்சையும் அரக்குச் சிவப்பும். சம்பந்தி ஆச்சியிடம் தயங்கித்தான் சொன்னேன், அகலக் காப்பு இல்லை என்று. “பிள்ளை கை வெறுங்கையா இல்லாம இருந்தாச் சரி ஆச்சி, அவளுக்கு எது தோதோ அதைப் போடுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அண்ணமிண்டிக்கு இன்னும் மனக்குறைதான்.

போன வாரம் பத்தரிடம் ஆர்டர் கொடுக்க மகளையும் கூட்டிப் போனேன். அளவுக்கு ஒரு வளையல் வேண்டும் என்றார். கொண்டுவர மறந்துவிட்டோம். அவள் கையில் திருவிழாவில் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று மிச்சம் இருந்தது. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, வளையல்கார அம்மா அமுக்கிய அதே இடத்தில் தானே அமுக்கி, உடையாமல் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். பத்தர் அதை எடுத்து அளவுக் கோலில் போட்டுப் பார்த்துவிட்டு, “கண்ணாடி ரெண்டே கால். தங்கத்தை 2.6-ஆப் போட்டுருவோம், நாளைக்கு உடம்பு பூசினாலும் நுழையும்” என்று சொல்லி, துண்டுச் சீட்டில் எழுதி அந்த வளையலோடு சேர்த்துச் சின்னக் கவரில் போட்டார்.

“வேலை முடிஞ்சதும் இதையும் திருப்பித் தந்துருங்க” என்றாள் அவள்.